சிங்க்: ஒத்திசைவா, ஒத்திசைப்பா?

"ஃபைல் இன்னும் சிங்க் ஆகலையே" என்ற புலம்பல் இல்லாத அலுவலகம் இன்று குறைவு. தமிழ் எழுத்தில் எழுதினால் பாத்திரம் கழுவுகிற சிங்க், மருந்துக்கடைச் சிங்க் மாத்திரை, கணினிச் சிங்க் மூன்றும் ஒன்றாகவே தெரியும். இந்தக் கடைசிச் சிங்க்குக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது: ஒத்திசைவு. அதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் பொருள். வீட்டில் ஒரு மேசைக்கணினி, கையில் ஒரு மடிக்கணினி. இரண்டிலும் 'கணக்கு' என்று ஒரு கோப்புறை. எதில் மாற்றினாலும் மற்றதிலும் அந்த மாற்றம் வந்துவிட வேண்டும். புதிதாகச் சேர்த்ததும் வர வேண்டும், அழித்ததும் அழிய வேண்டும். இப்படி இரு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் வேலைதான் சிங்க்.

சிங்க்ரனைஸ் என்பதன் சுருக்கம் அது. மூலம் கிரேக்கம்: 'ஸின்' என்றால் உடன், 'க்ரோனோஸ்' என்றால் காலம். நாள்பட்ட நோயைக் க்ரானிக் என்று மருத்துவர் சொல்வதும் இதே காலத்தை வைத்துத்தான். ஆக, ஒரே நேரத்தில் நிகழ்தல் என்பதுதான் முதல் பொருள். பேசும் படம் வந்தபோது படமும் ஒலியும் நேரம் தவறாமல் சேர்வதற்கு இந்தச் சொல் பழக்கமானது. நம் டப்பிங் அறைகளில் சொல்லும் 'லிப் சிங்க்' அந்த வழியில் வந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் சிங்க் என்றே ஒரு கட்டளை உண்டு. நினைவகத்தில் காத்திருக்கும் தரவை வட்டில் எழுதி முடி என்பது அதன் பொருள். 1996-இல் பைலட் என்ற பெயரில் வந்து, பிறகு பாம்பைலட் ஆன கையடக்கக் கருவியைக் கணினியோடு இணைத்த தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், முகவரிகளும் நாட்குறிப்பும் கணினியோடு சரிபார்த்துக்கொள்ளும். அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைக்கும் மென்பொருளை வெளியிட்டார்கள். கோப்பு முழுவதையும் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் உத்தி அதில் இருந்தது. 2008-இல் டிராப்பாக்ஸ் என்ற இணையச் சேமிப்புச் சேவை பொதுமக்களுக்கு வந்த பிறகு, சிங்க் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

கவனித்தால், இந்தப் பயணத்தில் காலம் மெல்லக் கழன்றுவிட்டது. இரண்டு கோப்புறைகள் ஒரே நேரத்தில் எதையும் செய்யவேண்டியதில்லை. கடைசியில் உள்ளடக்கம் ஒத்துப்போனால் சரி.

அப்புறம் தமிழ்ச் சொல். ஒத்து + இசை = ஒத்திசை. "இசை என்றால் பாட்டு, இது சிம்பொனிக்கல்லவா பொருந்தும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிம்பொனியையும் கிரேக்கத்தில் பிரித்தால் 'உடன் ஒலித்தல்'தான், அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் இசைதலுக்கு உடன்படுதல், பொருந்துதல் என்ற பொருளும் பழையது. "கல்யாணத்துக்கு இசைந்தார்" என்பதில் பாட்டு இல்லை. ஆகவே ஒத்திசைவு என்பது இரு பக்கமும் ஒன்றுபட்டு நிற்பது. கோப்புகளுக்குக் கிரேக்கச் சொல்லைவிட இதுவே பொருத்தம் என்பது என் கட்சி. ஒருங்கிசைவு, ஒத்தியங்கல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒத்தியங்கல் மோட்டாருக்குச் சரி; கோப்பு எங்கே இயங்குகிறது?

வடிவத்தில் ஒரு நுணுக்கம். இசைந்தது, இசைத்தது என்று இரண்டு வினை இருப்பதுபோல ஒத்திசைந்தது, ஒத்திசைத்தது இரண்டும் உண்டு. கோப்புகள் தாமே ஒத்துப்போய் நிற்கும் நிலை ஒத்திசைவு. அதை நாமோ மென்பொருளோ செய்வது ஒத்திசைப்பு அல்லது ஒத்திசைத்தல். திரையில் 'ஒத்திசைவு செய்' என்று பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தும். 'ஒத்திசை' என்றாலே போதும். 'ஒத்திசைவு தோல்வி' என்பதைவிட 'ஒத்திசைக்க முடியவில்லை' நல்ல தமிழ்.

பெரிய குழப்பம் வேறு இடத்தில். ஒத்திசைவைக் காப்பு நகல் (பேக்கப்) என்று நினைத்துக்கொள்வது. காப்பு நகல் பழைய நிலையைப் பிடித்துவைக்கும். ஒத்திசைப்புக்குப் பழையது வேண்டாம். மடிக்கணினியில் தவறி அழித்த கல்யாணப் படத்தை, மேசைக்கணினியிலிருந்தும் கடமை தவறாமல் அழித்துவிடும். எனவே முக்கியமானவற்றுக்குத் தனி வட்டில் ஒரு நகல் வேண்டும்.

காசில்லாமல் செய்ய என்ன வழி? கூகுள் டிரைவ் 15 ஜிபி தருகிறது, ஆனால் மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 2 ஜிபி, 3 கருவிகள். இரண்டிலும் உங்கள் கோப்பு வேறொருவர் கணினியில் போய் உட்கார்ந்துதான் வரும். அது வேண்டாம் என்றால் சிங்க்திங் இருக்கிறது. 2013-இல் வந்த திறமூல மென்பொருள். இரு கணினியிலும் நிறுவினால் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளக் குறி ஒன்று கிடைக்கும். ஒன்றின் குறியை மற்றதில் கொடுத்து, இரு பக்கமும் சம்மதம் சொல்லி, கோப்புறையைப் பகிர வேண்டும். அதன்பின் தரவு பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு நேரே போகும். வீட்டு வைஃபையில் இருந்தால் வீட்டுக்குள்ளேயே போய்விடும், இணையம்கூட வேண்டாம். இடத்துக்கு வரம்பு உங்கள் வட்டுதான். கோப்புறை அமைப்பில் 'பழைய பதிப்புகளை வைத்திரு' என்ற வகைத் தேர்வு ஒன்று உண்டு. அதை முதல்நாளே போட்டுவிடுங்கள்.

ஒரே சங்கடம், இரு கணினியும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் வேண்டும். கழன்றுபோன காலம் இங்கே பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. மேசைக்கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வந்து அதைப் போடும்வரை மடிக்கணினியின் மாற்றங்கள் காத்துக் கிடக்கும்.

உலாவியின் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் போன்றவற்றைக் கோப்புறை வழியாக ஒத்திசைக்க முயலவேண்டாம். உலாவி திறந்திருக்கும்போது அந்தக் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போகவும் கூடும். அதற்கு உலாவியின் சொந்த வசதியே நல்லது. ஃபயர்பாக்ஸில் 2011-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்தே இது உள்ளேயே இருக்கிறது. தரவு உங்கள் கணினியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் வெளியே போகும்.

கடைசியாக, ஒத்திசைவு உடையும் தருணம். இரு கணினியும் தொடர்பில் இல்லாதபோது ஒரே கோப்பை இரண்டிலும் திருத்திவிட்டால் என்ன ஆகும்? அதை முரண் என்று சொல்லலாம். சிங்க்திங் எதையும் தூக்கி எறியாது. திருத்திய நேரம் எதில் பழையதோ, அந்தப் பிரதியின் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லையும் தேதி, நேரத்தையும் சேர்த்து அதே கோப்புறையில் தனியாக வைக்கும். இந்த முரண் நகலைத் திறந்து பார்க்காமல் அழித்துவிடாதீர்கள். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கிய பழைய கணினியாக இருந்தால், புதிதாக எழுதிய கோப்பே பழையதென்று ஒதுக்கப்பட்டிருக்கலாம்.