அழுத்தம் நகர, உயிரெழுத்து மாறும்

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குபவர்கள் முதலில் முட்டி நிற்கும் இடங்களுள் ஒன்று நிகழ்கால வினைத் திரிபு. தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் பகுதியோடு சேரும் விகுதியே பேசுபவர் யார் என்பதைக் காட்டிவிடும். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று பொருள், 'நான்' என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'இயலுதல்' என்னும் பொருளுடைய 'பொதேர்' என்ற வினையில் விகுதியோடு பகுதியும் மாறுகிறது: புவேதோ (என்னால் இயலும்), புவேதெஸ் (உன்னால்), புவேதெ (அவரால்), பொதேமோஸ் (எங்களால்), பொதேய்ஸ் (உங்களால்), புவேதென் (அவர்களால்). இவற்றை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பதே என் கருத்து. ஏனெனில் இந்த மாற்றத்தின் காரணத்தைக் காதாலேயே கேட்டுவிடலாம்.

ஆறு வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குரலின் அழுத்தம் பகுதியின் மேல் விழும் நான்கில் ஒகரம் 'உவே' ஆகப் பிளக்கிறது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடும் பொதேமோஸ், பொதேய்ஸ் இரண்டிலும் பழைய ஒகரம் அப்படியே நிற்கிறது. இதற்கு நல்ல சான்று அர்ஜென்டினாவில் கிடைக்கிறது. 'நீ' என்பதற்கு அங்கே 'து' வழங்காமல் 'வோஸ்' வழங்குகிறது. அதற்குரிய வினையில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால், 'புவேதெஸ்' என்னும் இடத்தில் 'பொதேஸ்' என்றே சொல்கிறார்கள்.

எல்லா ஒகரமும் ஏன் இப்படிப் பிளப்பதில்லை என்ற கேள்விக்கு விடை, ஸ்பானியத்தின் தாய்மொழியான லத்தீனில் இருக்கிறது. குறில், நெடில் அறிந்த தமிழருக்கு அது எளிதில் பிடிபடும். உறங்குதலைக் குறிக்கும் 'தோர்மீர்' லத்தீனில் குறில் கொண்டது, ஆகவே 'துவேர்மோ' ஆயிற்று. அழுதலைக் குறிக்கும் 'யோரார்' நெடில் கொண்டது, ஆகவே 'யோரோ' என்று மாறாமல் நின்றது. எகரத்திலும் இதே கதைதான்: 'பெர்தேர்' (இழத்தல்) குறிலிலிருந்து வந்ததால் 'பியெர்தோ', 'தெபேர்' (கடன்படுதல்) நெடிலிலிருந்து வந்ததால் 'தெபோ'. லத்தீனின் குறில் நெடில் வேறுபாடு பேச்சில் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன; அதன் தடத்தை மட்டும் ஸ்பானியம் இன்றும் காத்து வருகிறது. இது வினைக்கு மட்டும் உரிய விதியும் அன்று: 7 'சியேத்தே', 70 'செத்தேன்த்தா'; 9 'நுவேவே', 90 'நொவேன்த்தா'.

'அறிதல்' என்னும் 'கொனோசேர்' தன்மை ஒருமையில் மட்டும் 'கொனோஸ்கோ' ஆவதற்குக் காரணம் வேறு. லத்தீனில் இருந்த ககர ஒலி எகர, இகரங்களுக்கு முன் மெலிந்து சகரமாயிற்று; ஓகாரத்துக்கு முன் மெலியாமல் தங்கிவிட்டது.

உண்மையில் ஒழுங்குக்குள் அடங்காதவை மிகச் சிலவே. அவையும் நாளெல்லாம் நாவில் புழங்குபவை. 'போதல்' என்பதற்கு 'ஈர்' ஒரு லத்தீன் வினையிலிருந்தும், அதன் நிகழ்கால வடிவங்களான வோய், வாஸ், வா முதலியவை வேறொரு வினையிலிருந்தும் வந்தவை. 'இருத்தல்' என்னும் 'சேர்' இன்னும் விந்தையானது. லத்தீனின் 'இருக்கிறாய்', 'இருக்கிறான்' இரண்டும் ஒலி தேய்ந்து ஒரே 'எஸ்' ஆகிக் குழப்பம் தரும் நிலை வந்தபோது, முன்னிலைக்கு எதிர்கால வடிவத்தை எடுத்து ஆண்டார்கள். இன்று 'எரெஸ்' என்று சொல்பவர் 'நீ இருக்கிறாய்' என்கிறார். அதே சொல் லத்தீனில் 'நீ இருப்பாய்' என்று பொருள்பட்டது.