இல்லாத கால் வலிக்கத்தான் செய்யும்

போன செவ்வாய்க்கிழமை வவுனியா கிளினிக்குக்கு வந்தவரின் முழங்காலுக்குக் கீழே, கால் முடிகிற இடத்தில், காசளவில் மூன்று தீக்காயங்கள். உப்பு ஒத்தடமாம். "இல்லாத பாதம் வலிக்குதெண்டு இரவிரவாக் கத்துறார் சேர். முனியாயிருக்கும் எண்டு பூசாரியார் சொன்னவர்" என்றார் மனைவி. பொய்க்கால் கட்டும் வேலையில் எனக்கு 20 வருடம். இந்த வருடம் மட்டும் இப்படி வந்தது இது நாலாவது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி எடுத்த கால் வலிக்கும். பெருவிரலே இல்லை, ஆனால் அதை யாரோ குறட்டால் முறுக்குவதுபோல வலிக்கும். இது முனியில்லை. விசரில்லை. நடிப்பில்லை. குடிக்கச் சொல்லும் சாட்டுமில்லை. கால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு காலத்தில் இது வருகிறது. சிலருக்கு மாதங்களில் தணியும், சிலருக்கு வருடக் கணக்கில் இழுக்கும். காலைத்தான் வெட்டினார்கள், மூளையில் அந்தக் காலுக்கென்று இருக்கிற இடத்தை யாரும் வெட்டவில்லை. "எங்க வலிக்குது, காட்டு பாப்பம்" என்று சிரிக்கிற மச்சான்மாரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஒத்தடம் வாங்கி வந்தவர் முன்னாள் போராளி, ஊர் கனகராயன்குளத்துப் பக்கம் (ஆளை அடையாளம் காணாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). அவருக்கு ஒரு கூட்டாளி. மதவாச்சிக்கு அங்காலுள்ள கிராமத்து முன்னாள் ஆமிக்காரர். பொய்க்காலுக்கு ராகமை ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும், வவுனியா கிட்ட என்று இங்கே வருகிறார். 2006 ஆகஸ்டில் சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி பூட்டப்பட்டபோது இருவரும் அந்த வீதியிலுள்ள முகமாலை முன்னரங்கில், எதிரெதிர்ப் பங்கர்களில். 20, 21 வயதுப் பெடியள். அதற்குப் பிறகு ஒருவருக்கு இடது கால் போனது, மற்றவருக்கு வலது. யார் புதைத்த மிதிவெடி என்று இருவருக்கும் தெரியாது.

சமாதான காலத்தில் தான் நீட்டிய சிகரட்டை மறுத்த ஒரு போராளி பதிலுக்குப் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) தந்தான், கடிக்க முடியாமல் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன் என்பார் ஆமிக்காரர். அந்தப் போராளி நான்தான் என்பார் இவர். எனக்கு நம்பிக்கையில்லை. அந்த நாட்களில் புழுக்கொடியல் கொடுத்த பெடியள் எத்தனையோ பேர். ஆனால் இருவரும் சத்தியம் செய்கிறார்கள்.

ஒருநாள் வாங்கில் காத்திருந்தபோது ஆமிக்காரர் தன் உடைந்த தமிழில் சொன்னார்: "என்ட அந்தக் கால் இன்னும் பூட்ஸ் போட்டிருக்கு. லேஸ் இறுக்கம்." தன்னுடையதில் பங்கர்ச் சேறு காயவே இல்லை என்றார் இவர். பிறகு, "லேஸை அவிழ்த்துவிடு மச்சான்" என்றார். அவர் கண்ணை மூடிக் குனிந்து, பாதம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கையாலும் மெதுவாக முடிச்சை அவிழ்த்தார். அளவெடுக்கப் போன நாடா என் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து வலி வருகிற இரவுகளில் இருவரும் போனில் கதைப்பார்கள். இப்போது அந்தப் போனையும் போராளியின் வீட்டில் பறித்து அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சாமத்தில் சிங்களத்தில் கதைத்தால் சனம் என்ன நினைக்கும், புலனாய்வுக்காரர் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்ற பயம். வன்னியில் அந்தப் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் "ஆமிக்காரனோடு என்ன சிநேகிதம், துரோகி" என்று ஏசிய மைத்துனரை மன்னிக்க எனக்கு மனமில்லை. அவர் முகமாலையைக் கண்ணால் கண்டதில்லை. ஆமிக்காரரின் ஊரிலும் இதே ஏச்சுத்தானாம்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இந்த வலிக்குச் சாதாரணப் பனடோல் பெரும்பாலும் கேட்காது. அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு, டொக்டரிடம் கேளுங்கள், பாமசியில் நீங்களாக வாங்கவேண்டாம். கண்ணாடிப் பயிற்சியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்தது. இரண்டு காலுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அசைத்துக்கொண்டு அதன் பிம்பத்தைப் பார்ப்பது. எல்லோருக்கும் பலிக்காது, பலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுமாரிக் கண்ணாடி போதும், ஆனால் முதல் தடவை எங்களிடம் வந்து பழகுங்கள்.

சூட்டு ஒத்தடம் வேண்டாம், வெட்டிய இடத்தில் சூடு சரியாக உறைக்காது. சொக்கெட் (பொய்க்காலில் உங்கள் கால் நுழைகிற கிண்ணம்) இறுகினால் கத்தியால் செதுக்காதீர்கள், தளர்ந்தால் பழந்துணி திணிக்காதீர்கள், கொண்டுவாருங்கள். இரவில் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தால் முழங்கால் மடங்கியே இறுகிவிடும். இருவருக்கும் ஒரு சோடி செருப்புப் போதுமே என்று பகிடி விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: போதாது. பொய்க்காலுக்கும் நல்ல காலுக்கும் ஒரே உயரச் செருப்பு வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும்.

அடுத்த கிளினிக்குக்கு இருவரையும் ஒரே நேரத்துக்குப் போட்டிருக்கிறேன். தங்கச்சி, ஒத்தடம் வாங்கியவரின் மனைவி, உங்களைத்தான் சொல்கிறேன், நீங்களும் வாருங்கள், வந்து அந்த ஆமிக்கார மனுசனோடு ஒரு பிளேன்ரீ குடித்துப் பாருங்கள். அதுவரைக்கும் போனை அரிசிக்குள்ளிருந்து எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.