பத்லாவுக்குத் தமிழில் என்ன?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு மாமா, பங்குச்சந்தை இருக்கும் தலால் தெருவில் ஒரு தரகரிடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், “என்னடா, பத்லா பண்ணிட்டியா?” என்பார். பங்கு பேரத்தை அடுத்த தவணைக்குத் தள்ளும் வழக்கத்தின் பெயர் அது. 2001 ஜூலையில் சந்தையை விட்டுப் போன அந்தச் சொல், அவர் வாயில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தியில் பத்லா என்றால் மாற்று. பழிவாங்கல் என்றும் பொருள் உண்டு. வேர் அரபுமொழியின் ‘பதல்’, அதாவது ஒன்றின் இடத்தில் இன்னொன்று. உருது வழியாக நமக்கு வந்த ‘பதில்’ இதன் உறவுக்காரன். ‘காப்பிக்குப் பதில் டீ’ என்கிறோமே, அந்தப் பதில்.

சந்தையில் எதற்குப் பதில் எது? அன்று பம்பாய்ச் சந்தையின் முக்கியப் பங்குகளுக்கு ஒரு தவணைக்காலம் முடிந்த பிறகுதான் பணமும் பங்கும் கைமாறும். ஒருவர் 500 ரூபாய் விலையில் 100 பங்கு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். தவணை முடிவில் விலை 480. கையில் ஐம்பதாயிரம் இல்லை, விற்கவும் மனமில்லை. சனிக்கிழமை பத்லா கூட்டத்துக்குப் போவார். பழைய பேரம் 480-க்குத் தீரும். குறைந்த 2,000 ரூபாயை அவர் கட்டுவார். அதே 480-க்கு அடுத்த தவணையில் புதுப் பேரம் தொடங்கும். நடுவில் பணம் போட்டுப் பங்கை வைத்திருப்பவருக்கு வட்டி. அந்த வட்டிக்கும் பத்லா என்றே பெயர்.

இதற்கு ‘முன்னெடுத்துச் செல்லல்’ என்று எழுதலாம். ஆனால் அது மீதித்தொகையை அடுத்த பக்கத்தில் ஏற்றும் கணக்கரின் சொல். வட்டியின் வாடையே அதில் இல்லை. பொருத்தமான சொல் நம் அடகுக்கடையில் இருக்கிறது. நகையை மீட்கக் காசில்லாதபோது வட்டியை மட்டும் கட்டிப் புதுச் சீட்டு வாங்கி வருகிறோம். ‘வட்டி கட்டி மாத்தி வெச்சாச்சு’ என்கிறோம். சீட்டு புதுசு, நகை பெட்டியை விட்டு அசையவில்லை. பத்லாவும் அதுதான். என் ஓட்டு ‘மாற்றிவைப்பு’க்கு.

மாற்றிவைக்க வழி இருந்தால் மனிதன் என்ன செய்வான் என்பதுதான் இதில் சுவை. நட்டத்தில் விற்றால் தப்புக்கணக்கு போட்டதை ஒப்புக்கொண்டதாகும். அதனால் லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்று, நட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறோம். ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-ல் இந்தக் குணத்துக்கு ‘டிஸ்பொசிஷன் எஃபெக்ட்’ என்று பெயரும் வைத்தார்கள். பத்லா அந்தக் குணத்துக்குக் கடன் கொடுத்தது. விற்கப்பட வேண்டிய பங்கு விற்பனைக்கே வராததால் விலை இறங்க நாளாகும். கடன் கொடுப்பவர் ஒருநாள் கையை இழுத்துக்கொண்டால், தள்ளிவைத்த விற்பனையெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்.

மறுபக்கமும் உண்டு. விலை அநியாயத்துக்கு ஏறியிருக்கிறது என்று நினைப்பவர், கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுக்கலாம் என்று காத்திருப்பார். அப்படி விற்றவர்கள் மிகுந்தால் பங்குக்குத் தட்டுப்பாடு வந்து வட்டியின் திசை திரும்பிவிடும். விற்றவர் கட்ட வேண்டும். இதை ‘உந்தா பத்லா’ என்றார்கள். உந்தா என்றால் குஜராத்தியில் தலைகீழ். குளிர்காலத்தில் இங்கே கிடைக்கும் உந்தியு என்ற காய்கறிப் பண்டத்துக்கும், பானையைக் கவிழ்த்துச் சமைப்பதால் அதே பெயர். வாரக்கணக்கில் உந்தா கட்டி யாரால் தாங்க முடியும்? கணிப்பு சரியாக இருந்தும் விலை இறங்குமுன் கைக்காசு தீர்ந்தவர் வெளியேறுவார். தப்பான விலை அப்படியே நிற்கும். 1997-ல் பொருளியலாளர்கள் ஆண்ட்ரே ஷ்லைஃபரும் ராபர்ட் விஷ்னியும் தங்கள் மொழியில் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 1993 டிசம்பரில் பத்லாவைத் தடுத்தது. கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது, 2001 சந்தைச் சரிவுக்குப் பிறகு முற்றாகப் போனது. அதன் இடத்தில், பின்னொரு நாளைக்கான விலையை இன்றே பேசிக்கொள்ளும் முன்பேர ஒப்பந்தங்கள் வந்தன. மும்பையில் அவற்றை ‘வாய்தா’ என்பார்கள். வாக்குறுதி என்று பொருள்படும் இன்னொரு அரபுச்சொல் அது. நம் ஊரில் அதே சொல்லைக் கோர்ட்டில் கேட்கலாம், வழக்கைத் தள்ளிவைக்கும்போது. மாதக் கடைசியில் வாய்தாவை அடுத்த மாதத்துக்கு நகர்த்துவதை இன்றைய பையன்கள் ‘ரோல் ஓவர்’ என்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். “மாத்தி வெக்கறான்” என்றார்.