ஓடாமலே இதயத்தை ஓடவைக்கும் ஊசி

முழங்கால் தேய்ந்தவரை டிரெட்மில்லில் ஓடச் சொல்ல முடியாது. பக்கவாதம் வந்தவருக்கும் அதே நிலைதான். ஆனால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, இதயத்துக்கு வேலை கொடுத்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பாதிக்கு மேல் அடைத்த குழாய்கூடச் சமாளித்துவிடும். அதனால்தான் ஓட்டத்துக்குப் பதில் ஊசி.

இதற்குப் பயன்படும் முக்கியமான மருந்து அடினோசின். இது நம் உடம்பிலேயே உண்டாவதுதான். இதயத்தசைக்கு ஆக்சிஜன் போதாதபோது அங்கே சேர்ந்து, சிறு ரத்தக்குழாய்களை விரிக்கும். அதையே கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் 4 முதல் 6 நிமிடம் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். நல்ல குழாயில் ரத்த ஓட்டம் மூன்று, நான்கு மடங்காகிறது. அடைப்பைத் தாண்டியுள்ள சிறு குழாய்களோ, பற்றாக்குறையை ஈடுகட்ட ஏற்கெனவே விரிந்து நிற்பவை. இனி விரிய இடமில்லை. அந்த நேரத்தில் செலுத்தும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து அங்கே குறைவாகவே போய்ச் சேரும். கேமராப் படத்தில் அந்தப் பகுதி மங்கித் தெரியும்.

சரி, படுத்திருப்பவருக்கு என்ன ஆகும்? முகம் குப்பென்று சூடேறும். மூச்சு வாங்கும். நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும். "அடைப்புதான் போல" என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அடினோசின் வலி நரம்புகளை நேரடியாகத் தூண்டுவதால், இந்த வலி நல்ல இதயம் உள்ளவருக்கும் வரும். ரத்தத்தில் இதன் அரையாயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 10 வினாடிக்கும் குறைவு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசியைப் போடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அரிதாக இதயத்துடிப்பின் மின்பாதை தடைபடலாம். வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கலாம். அவர்களுக்குப் பெரும்பாலும் டோபுடமைன் என்ற மருந்தைக் கொடுத்து எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பார்ப்பார்கள். அது குழாயை விரிப்பதைவிட இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும் மருந்து. படபடப்பு, கைநடுக்கம், சிலருக்குத் துடிப்பு தாறுமாறாவது எல்லாம் இதில் உண்டு. அடினோசினைப் போலவே வேலை செய்யும் இன்னொரு மருந்து, 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெகாடெனோசன். அடினோசின் போய் உட்காரும் இடங்களில் (ஏற்பிகளில்), குழாயை விரிக்கும் ஏற்பியையே இது பெரும்பாலும் குறிவைக்கிறது. 0.4 மில்லிகிராம், ஒரே ஊசி. அதற்கும் அடினோசினுக்கும் சேர்த்தே, அரிதாக மாரடைப்பும் மரணமும் நேரலாம் என்று 2013-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஈசிஜியும் ரத்த அழுத்தமும் பார்த்தபடி டாக்டர் பக்கத்திலேயே நிற்பது இதற்காகத்தான்.

அப்புறம் காபி. மூளையில் அடினோசின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் காஃபீன் நம் தூக்கத்தை விரட்டுகிறது. இதயத்திலும் அதே வேலையைச் செய்யும். குழாய் சரியாக விரியாது, அடைப்பு படத்தில் தெரியாமல் போகலாம். பக்கவிளைவு கடுமையானால் கொடுக்கும் முறிவு மருந்தான அமினோஃபிலினும் காஃபீனுக்கு உறவுக்கார மருந்துதான். சோதனைக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இதுதான். காலையில் மறந்து அரை டம்ளர் குடித்துவிட்டாலும், திட்டுவார்களோ என்று மறைக்காமல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.