தப்பியவர்களின் வாக்குமூலமா?

போன மாதம் புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கு. வாசலில் பதாகை: ‘இனப்படுகொலையில் தப்பியவர்களின் வாக்குமூலங்கள்: பேணலும் கற்றலும்’. கடலூரிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்த நண்பர் அதைப் படித்துவிட்டு, “எந்தச் சிறையிலிருந்து தப்பினார்களாம்?” என்றார். கேலிக்காகக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ‘டெஸ்டிமொனி’ (testimony) என்பதைத்தான் அங்கே வாக்குமூலம் என்று மொழிபெயர்த்திருந்தார்கள். தமிழில் தப்பு, பிழை இரண்டும் குற்றத்துக்கும் ஆகும், உயிர் மீள்வதற்கும் ஆகும். அதன் பக்கத்தில் வாக்குமூலத்தை உட்காரவைத்தால் கைவிலங்குதான் கண்ணில் தெரியும்.

வாக்குமூலம் என்றால் வாய்வழியே சொன்னது; சொற்பொருள் அவ்வளவுதான். ஆனால் சொல் அகராதியிலா குடியிருக்கிறது? வழக்கறிஞர் ஒருவரிடம் இருபது ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒப்புதல் வாக்குமூலம், மரண வாக்குமூலம் என்று கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். புலன்விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துகூட வாங்கக் கூடாது, சட்டமே அப்படி. நடையும் எழுதியவருடையதுதான். தேவனாம்பட்டினத்து மீனவரும் பண்ருட்டி முந்திரித் தோப்புக்காரரும் அதில் ஒரே வாக்கியத்தில் பேசுவார்கள்.

‘பொருள் புரிந்தால் போதாதா?’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். போதாது. கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 1975 முதல் 1979 வரை அந்நாட்டை ஆண்டு, லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் இயக்கம் நோம் பென் நகரில் நடத்திய எஸ்-21 சிறைக்குள் போனவர்களில் உயிரோடு மீண்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் சும் மே என்ற மெக்கானிக். பன்னிரண்டு நாள் சித்திரவதைக்குப் பிறகு, தாம் சிஐஏ உளவாளி என்று ‘ஒப்புக்கொண்டார்’. தட்டச்சுப் பொறியும் தையல் இயந்திரமும் பழுதுபார்க்கத் தெரிந்திருந்ததால் உயிரோடு விட்டுவைத்தார்கள். அதே மனிதர் 2009இல், அந்தச் சிறையை நடத்திய டுச்சின் வழக்கில், நீதிமன்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னார். முதலாவது அடித்து வாங்கிய பொய், இரண்டாவது அவராகச் சொன்ன உண்மை. இரண்டையும் வாக்குமூலம் என்று எழுதுகிறவர், அடித்தவன் வாங்கிய தாளையும் அடிபட்டவர் சொல்லையும் ஒரே கட்டில் வைத்துக் கட்டுகிறார்.

சரி, வேறு எது? தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘கரியுரை’ என்கிறார். ‘இந்திரனே சாலுங் கரி’ என்று குறளில் வரும் கரி, சாட்சிதான். கலித்தொகையின் பாலைக்கலியில் பொய்க்கரி சொன்னவன் நிழலுக்கு ஒதுங்கிய மரமே வாடிப்போகிறது. பழைய, அழகான சொல். ஆனால் இன்று கரியுரை என்று அச்சடித்தால் விறகுக்கடை விளம்பரம் என்று நினைப்பார்கள். வெறும் ‘சான்று’ என்றால் தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்: சாதிச் சான்று, இருப்பிடச் சான்று.

என் ஓட்டு சாட்சியத்துக்கு. வடசொல்தான், மறுக்கவில்லை. கண்ணைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நேரில் கண்டவர் சாட்சி, அவர் சொல்வது சாட்சியம். நீதிமன்றத்துக்கு வெளியிலும் அதற்குப் புழக்கம் உண்டு. ஜெபக்கூட்டத்தில் எழுந்து தம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறவர் ‘சாட்சி சொல்கிறார்’. அதை யாரும் வாக்குமூலம் என்பதில்லை. நாஜிகளின் யூத இனப்படுகொலையைக் கண்டவர்களின் நினைவுகளைத் திரட்ட 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பேசவைத்து வீடியோவில் பதிந்து வைத்திருக்கிறது. அங்கே ஒருவர் பாதியில் நிறுத்தித் தொண்டையைச் செருமினால் அதுவும் பதிவில் இருக்கும். எந்தக் காவல் நிலையத் தாளில் அது இருக்கும்? வடசொல்லே வேண்டாம் என்பவர்கள் சான்றுரை என்று எழுதட்டும். நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இடைவேளையில் அமைப்பாளரிடம் சொன்னேன். “அகராதியில் அப்படித்தான் ஐயா போட்டிருக்கிறது” என்றார். மாலையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ‘வாக்குமூலங்கள் கருத்தரங்கில் கலந்துகொண்டமைக்கான சான்று’.