ஷெட்டில் கிடந்த கார்: முதலில் பிரேக், கடைசியில் செல்ஃப்

மூன்று நான்கு வருடம் ஷெட்டில் கிடந்த காருக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, சாவியைத் திருகிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. இன்ஜின் பிடித்துக்கொண்டால் வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்து, அதே சூட்டோடு தெருவுக்கும் எடுத்துவிடுகிறார்கள். அதுவும் சேலத்தில், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காடு. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் திணறினால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். இறங்கும்போது பிரேக் கைவிட்டால் ஓரம் என்று ஒன்று கிடையாது. அதனால் இந்த வேலையை நாங்கள் தலைகீழாகத்தான் சொல்வோம்: பிரேக், டயர், பெட்ரோல், கடைசியில் இன்ஜின்.

அதற்கும் முன்னால் ஆர்.சி.யில் இருக்கும் தேதியைப் பாருங்கள். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, படிவம் 25 கொடுத்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் இன்னும் ஏற்றிவிட்டார்கள். பசுமை வரியும், தாமதமான மாதங்களுக்கான தொகையும் தனி. இவ்வளவும் கட்டி வைத்துக்கொள்ளத் தக்க வண்டிதானா என்று ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் விட்டுப்போய் 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸ் போயிற்று. மூன்றாம் நபர் பாலிசியாவது கையில் இல்லாமல் சோதனை ஓட்டம்கூட ரோட்டில் கூடாது. ஒரு சின்ன விஷயம்: காட்டப் போகும்போது சேஸிஸ் நம்பரைப் படித்துப் பார்ப்பார்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். உப்புத்தாளோ கிரைண்டரோ வைத்துத் தேய்த்து, எழுத்து மழுங்கிவிட்டால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வண்டி கிடந்த இடத்தைப் பொறுத்து நோயும் மாறும். சேலம் டவுன் வெயிலில் கிடந்தால் ரப்பர் எல்லாம் வெடிக்கும்: டயர், ஹோஸ், பெல்ட், வைப்பர். ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட்டில் கிடந்தால் பனி ஈரத்தில் தகரம்தான் முதலில் போகும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் பார்க்க நன்றாக இருந்து, நுனி உள்ளே இறங்கினால் அது தகரம் இல்லை, துருவைப் பிடித்து வைத்திருக்கும் பெயின்ட். அங்கே ஜாக்கி கொடுத்தால் வண்டி உயராது, ஜாக்கிதான் உள்ளே போகும். அந்த வேலை வெல்டிங் பட்டறைக்கு.

வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக் எல்லா வீட்டு முற்றத்திலும் கிடக்கிறது, அதை முட்டுக் கொடுப்பவர்களும் நிறைய. பரவலாக வரும் சுவரின் பாரத்தைத் தாங்கத்தான் அந்தக் கல். ஒரே புள்ளியில் காரின் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

இனி பிரேக். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் இந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு அதுவே 230, 155. மலை இறக்கத்தில் பேட் சூடாகி அந்த ஈரம் ஆவியானால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. உள்ளே போன ஈரம் இன்னொரு வேலையும் செய்திருக்கும்: டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரையும், டிஸ்க்கில் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனையும் துருப்பிடிக்க வைத்திருக்கும்.

நான்கு சக்கரத்தையும் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்திய வண்டி என்றால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினைப் போட்டு, கிளட்சை விட்டு இழுத்து எடுக்கப் பார்த்தால் லைனிங் பிய்ந்து டிரம்மோடு போகும். டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டித்தான் விடுவிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள்; பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். வெறும் ரப்பர் கிட் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் சில வாரத்தில் கிழியும். முன் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான். இரும்பு பைப்பில் துரு செதில் விட்டிருந்தால் அந்த வேலையைப் பட்டறையில் கொடுங்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் நான்கையும் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகவே தெரியும், உள்ளே வீங்கி வழி அடைந்திருக்கும். அப்போது மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். இதைக் காலிப்பர் கோளாறு என்று நினைத்து புது காலிப்பர் வாங்கிப் போடுபவர்கள் உண்டு.

அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் உள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவது. முந்தின நாளே, ஆயிலை வெளியே விடச் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு நிப்பிளிலும் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். ரிங் ஸ்பேனர்தான் வேண்டும்; ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், முறுக்கினால் நிப்பிள் உடையும். மூடி திறக்காத 500 மில்லி பிரேக் ஆயில் பாட்டில் இரண்டு இருந்தால் கழுவி விடவும் சேர்த்தே போதும். டாட் 3, டாட் 4 கலக்கலாம். டாட் 5 என்பது சிலிகான், அதைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

பெடலை மிதிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். ஆனால் அவர் உட்காரும் முன் பெடலுக்கு அடியில் ஒன்றரை இன்ச் கனத்தில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். தினசரி ஓட்டத்தில், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய் வரும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் வருடக்கணக்கான கசடும் துருவும் இருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரையோடு மிதித்தால் ரப்பர் அந்தக் கசடின் மேல் ஓடிக் கிழியும். வேலைக்கு முன் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் வேலைக்குப் பின் போவது இதனால்தான்.

நிப்பிளில் ஒரு டிரான்ஸ்பரன்ட் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். கீழே இருப்பவர் "மிதி" என்றதும் மேலே இருப்பவர் மிதித்துப் பிடித்து, "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டபின் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதன்பின்தான் "விடு". மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். டீத்தூள் டிக்காஷன் மாதிரி கறுப்பாக வருவது மாறி, புது ஆயில் குமிழ் இல்லாமல் வரும்வரை தொடருங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். குறுக்காகப் பிரித்த பிரேக் லைன் உள்ள வண்டிகளுக்கு மேனுவலில் வேறு வரிசை இருக்கும். பிரேக் ஆயில் டேங்க் நடுவில் காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

முடிந்ததும் இன்ஜின் ஆஃபில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரமே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர்.

டயரில் பட்டன் (ரோட்டில் பட்டுத் தேயும் பகுதி) எவ்வளவு இருக்கிறது என்பதைவிட வயதுதான் முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23வது வாரம். சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் பக்கச் சுவரில் நெளிநெளியாக வெடிப்பு விட்ட டயருக்கு அந்தக் கணக்கு உதவாது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வைத்து முழுவதும் இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கி, தகரத்தைத் தின்னும். இப்போது பங்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்காகச் செய்ததல்ல பழைய கார்களின் பெட்ரோல் ஹோஸ். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் டேங்கிலிருந்து இன்ஜின் வரை மாற்றுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பிரஷரில் அடிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குப் பிரஷர் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் ஹோஸ் போட்டால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். ஃபில்டர் புதிது.

இன்ஜினில் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள், செல்ஃபைக் கொண்டு அதை உடைக்கப் பார்க்காதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் வயதை வைத்தே மாற்றுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றியபின், பிளக் இல்லாமல், காயில் கனெக்டரையும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பத்துப் பத்து செகண்டாக, நடுவில் ஒரு நிமிடம் விட்டு செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கைப் போடலாம். வடித்த ஆயிலை கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். திருமணிமுத்தாறு படும் பாடு ஏற்கெனவே போதும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் தட்டிவிட்டு ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். எலிக்கூடு இருந்தால் பக்கத்து வயரிலும் பல் பட்டிருக்கும். ஸ்டார்ட் ஆனபின் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும்.

ரேடியேட்டரில் நம்மூர் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். கெட்டில் உள்ளே வெள்ளையாகப் படிவது ரேடியேட்டர் குழாயிலும் படியும், வெளியே ஏர் அடித்து எத்தனை சுத்தம் செய்தாலும் சூடு குறையாது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ரேடியேட்டர் மூடியும் புதிது போடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்; மூடி பிரஷரைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு போனால் பாதி ஏற்றத்தில் ஆவி.

முதல் ஓட்டம் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், 30 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பார்ப்பது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கத்துப் பிரேக் பிடிக்கவில்லை. பிறகு சமதளத்தில் 20 கிலோமீட்டர் ஓட்டி, நான்கு சக்கரத்தருகேயும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஏற்காட்டை இப்போது மறந்துவிடுங்கள். ஒரு வாரம் ஊருக்குள் ஓடியபின் கோரிமேடு வழியாக ஏறலாம், தனியாக.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை ஆஃப் செய்வதும் இந்த ரோட்டில் இன்னும் நடக்கிறது. இன்ஜின் நின்றால், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடையாது. இரண்டு மூன்று மிதிக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். பெடல் பஞ்சாவது தெரிந்தால் கியரைக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணும். அடிவாரம் வந்ததும் வீல் நட்டு எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, பிரேக் ஆயில் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மறுநாள் காலை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி நான்கு சக்கரத்தையும் கழற்ற வேண்டியதுதான்.