விலைவாசிக் கோபத்தை எந்தத் தேர்தலில் காட்டுவது?

திருப்பூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் யூனிட் நடத்துபவர்கள். மளிகைக் கடைக்காரர்களும் உண்டு. தேர்தல் அறிவித்துவிட்டால் போதும், ஜிஎஸ்டி பேச்சு பாதியில் நின்று அரசியலுக்குப் போய்விடும். "ஏனுங்க, கரண்ட் பில்லைப் பாத்தீங்களா? இந்தத் தடவை இவங்களுக்கு ஓட்டு இல்லைங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் பெட்ரோல் விலையைச் சொல்லி அதே கட்சியைத் திட்டுவார். மற்றொருவருக்கு பருத்தி நூல் விலை, அவருடைய மனைவிக்கு சிலிண்டர். எல்லோருடைய கோபமும் உண்மையான கோபம்தான். ஆனால் எல்லாப் பில்லையும் ஒரே அரசு போடுவதில்லை. மின்கட்டணத்துக்காகச் சட்டமன்றத் தேர்தலில் கோபத்தைக் காட்டுவது பொருத்தம். சிலிண்டருக்காக அதே தேர்தலில் காட்டினால், விலையை ஏற்றிய ஒன்றிய அரசுக்கு அது உறைக்கவே உறைக்காது.

பணத்தை நினைத்து ஓட்டுப் போடுவதே மட்டம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கியது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வாடகை, ஸ்கூல் பீஸ், சீட்டுப் பணம் எல்லாம் கட்டிய பிறகு கையில் எதுவும் நிற்காத வீட்டில் 888 ரூபாய் சின்னத் தொகை இல்லை. அதை நினைத்து ஒரு பெண் ஓட்டுப் போட்டால், அவர் விலை போய்விட்டார் என்று யாரும் சொல்லக் கூடாது. வருமான வரி விலக்கு வரம்பு உயர்ந்ததற்காக ஓட்டுப் போடுகிற மாதச் சம்பளக்காரரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பிப் போட்ட 1967 தேர்தலிலும் அரிசிதான் முன்னால் நின்றது. அதற்கு முன்பு நாடெங்கும் மழை பொய்த்திருந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததில் 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் தணியவில்லை. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது தி.மு.க. காமராஜரே விருதுநகரில் தோற்றார். வறட்சியா, டெல்லியின் கொள்கையா, மாநிலத்தின் கொள்முதலா, எது எவ்வளவு காரணம் என்று அன்று வாக்காளர் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. டெல்லியிலும் காங்கிரஸ், சென்னையிலும் காங்கிரஸ். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே சமயத்தில் தேர்தல். கோபம் தானாகவே சரியான இடத்துக்குப் போனது. இன்றைக்கு அது தானாக நடக்காது, பில்லைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு.

பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம், அதிகம் குழப்பம் அதில்தான். எண்ணெய் நிறுவனத்தின் அடக்க விலை, ஒன்றிய அரசின் கலால் வரி, டீலர் கமிஷன், கடைசியில் மாநில அரசின் வாட் வரி. இவ்வளவும் சேர்ந்ததுதான் பங்க்கில் நாம் கொடுக்கும் விலை. பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. 2020 மே மாதம், ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை அடிமட்டத்தில் கிடந்தபோது, ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே இரவில் வரியைக் கூட்டியது. அந்த உயர்வு முழுவதும் செஸ், சிறப்புக் கூடுதல் கலால் வரி என்ற கணக்கில் வந்தது. அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. அதற்கு ஓரிரு நாள் முன்புதான் இங்கே அ.தி.மு.க. அரசும் வாட் வரியை உயர்த்தியிருந்தது. உலகச் சந்தையில் விலை சரிந்தும் நமக்கு ஒரு பைசாகூடக் குறையாமல் போனதற்கு இரண்டு பக்கமும் பொறுப்பு.

அப்புறம் குறைத்த கதை. 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொன்ன தி.மு.க., ஆகஸ்ட் மாதத் திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசல் அந்த பட்ஜெட்டில் வரவில்லை. ஒன்றிய அரசு 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாயும், 2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தது. யார் எவ்வளவு ஏற்றினார்கள், எவ்வளவு இறக்கினார்கள் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தாலே மேடைப் பேச்சில் எது சரி, எது பாதி உண்மை என்பது தெரிந்துவிடும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அப்படித்தான் எழுதிக் காட்டுகிறேன்.

ஜிஎஸ்டியைப் பற்றி எங்கள் ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி, "இதை மாத்தற அதிகாரம் யாருக்குங்க?" வரி விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே ஒன்றிய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நகராது. அது மட்டும் நினைத்தாலும் எதுவும் நடக்காது. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் "வந்தவுடன் ஜிஎஸ்டியைக் குறைப்போம்" என்றால், அவர் கட்சியால் கவுன்சிலில் பேச முடியும், அவ்வளவுதான்.

நூல் விலை 2021-22இல் ஏறியபோதும் இதேதான். மாநில அரசின் கையில் இருந்தது பருத்தி மீதான 1 சதவீத சந்தை நுழைவு வரி. அதை நீக்கியது. இறக்குமதிப் பருத்தி மீதான 11 சதவீத வரி ஒன்றிய அரசின் கையில் இருந்தது. 2022 ஏப்ரலில் அது தற்காலிகமாக நீங்கியது. அந்த மே மாதம்கூட இங்கே கம்பெனிகளைப் பூட்டி வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மின்கட்டணம் இவ்வளவு சிக்கல் இல்லை. மின்வாரியம் மாநில அரசுடையது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. நிலைக் கட்டணமும், மின்தேவை அதிகமுள்ள நேரத்துக்கான பீக் ஹவர் கட்டணமும் சிறு யூனிட்டுகளை நேராகத் தாக்கின. 2023 செப்டம்பரில் சிறு, குறு தொழில் நடத்துபவர்கள் மாநிலம் முழுக்க ஒரு நாள் கதவடைத்தார்கள். ஒன்றிய அரசின் நிபந்தனை என்று காரணம் சொல்லப்பட்டாலும், ஆர்டர் இல்லாத மாதத்தில் மிஷின் ஓடாமலே கட்ட வேண்டிய நிலைக் கட்டணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் சென்னைதான்.

எந்த அரசு என்பதைப் போலவே எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பரில் அ.தி.மு.க. அரசு பேருந்துக் கட்டணத்தையும் ஆவின் பால் விலையையும் சேர்த்தே உயர்த்தியது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஏப்ரல் தொடக்கத்தில் தி.மு.க. அரசின் சொத்து வரி உயர்வு அறிவிப்பு, 25 முதல் 150 சதவீதம் வரை. 2021 நவம்பரிலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் நாடெங்கும் பெட்ரோல் விலை அசையாமல் நின்றது. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்த பிறகு, 2022 மார்ச் 22இல் தொடங்கி பதினாறே நாளில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. சிலிண்டர் 2023 ஆகஸ்டில் 200 ரூபாய், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன் 2024 மார்ச்சில் இன்னொரு 100 ரூபாய் குறைந்தது. அ.தி.மு.க., தி.மு.க., ஒன்றியத்தில் பா.ஜ.க. என்று மூன்று கட்சிகளுமே இப்படிச் செய்திருக்கின்றன. தேர்தலுக்கு முந்தைய மூன்று மாத விலையை வைத்து ஐந்தாண்டு ஆட்சியை எடை போடுவது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான். போன ஐந்து ஆண்டுகளின் ஏப்ரல் மாதப் பில்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.

வாக்குறுதிகளுக்கு வருவோம். அறிக்கையில் ஒரு வரியாக இருப்பது அரசாணையாக வரும்போது நிபந்தனைகளோடு வருகிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.06 கோடி பேர் சேர்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் உண்மையாகவே வங்கிக்கு வருகிறது, நல்ல விஷயம். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. வண்டிக் கடன் வாங்குவதற்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டி ரிட்டர்ன் போட்ட குடும்பங்கள், பிறகு "எங்களுக்கு ஏங்க வரலை?" என்று கேட்டு வருவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. கடனுக்காகச் சொன்ன வருமானம்தான் அரசுக்கும் தெரியும். அதனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வது, இல்லாத வருமானத்தைக் காட்டாதீர்கள்.

கூட்டுறவு சங்கங்களில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று 2021இல் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியில் வலி இன்னும் அதிகம். தள்ளுபடி ஆகும் என்று நம்பி, தேவையே இல்லாமல் நகையைக் கொண்டுபோய் வைத்தவர்கள் உண்டு. பட்டியல் வந்தபோது தகுதி இல்லை என்று விலக்கப்பட்ட கடன்கள்தான் அதிகம். அந்த வட்டியை அவர்கள்தான் கட்டினார்கள். வாக்குறுதியை நம்பி ஓட்டுப் போடலாம். அரசாணை வரும் முன் கடன் மட்டும் வாங்காதீர்கள். தள்ளுபடி ஓட்டாக மாறியே தீரும் என்பதும் இல்லை. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்த அ.தி.மு.க. அரசு இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் தோற்றது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பதற்கு நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 2013இல் தமிழ்நாட்டின் இலவசத் திட்டங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி வாக்குறுதி கொடுப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. அதன்படி, வாக்குறுதிக்கான நிதியை எப்படித் திரட்டப் போகிறோம் என்று கட்சிகள் பொதுவாகவாவது கோடிட்டுக் காட்ட வேண்டும் என்பது இன்று நடத்தை விதிகளில் இருக்கிறது. எந்தக் கட்சி அறிக்கையிலும் முதலில் அந்தப் பகுதியைத் தேடுங்கள். தமிழ்நாட்டின் 2024-25 பட்ஜெட் மதிப்பீட்டில் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சத்தில்தான் சம்பளம், ஓய்வூதியம், மானியம், புதுத் திட்டம் எல்லாம்.

கடைசியாக, யாரும் பொருட்படுத்தாத உள்ளாட்சித் தேர்தல். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாவற்றையும் வசூலிப்பது உள்ளாட்சி அமைப்புதான். விகிதத்தை மாநில அரசு தீர்மானித்தாலும், அந்தப் பணம் நம் தெருவுக்கு வந்ததா என்று பக்கத்திலிருந்தே பார்க்க முடிவது இங்கே மட்டும்தான். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கை அங்கே மக்கள் முன் வைக்க வேண்டும். போகிறவர்கள் வரி ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள், உங்கள் ரசீதில் இருக்கிற தலைப்புகள் அந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.